அக்கா கொண்டுவந்த மடங்கிய இரும்பு

புதூர்நாட்டில் ஜீப்பை விட்டு இறங்குகிறவர்களின் பையில் பன்னோ மிக்சரோ இருக்கும். அன்றைக்கு அக்கா பையிலிருந்து எடுத்தது ஒரு இரும்புத் துண்டு. அதுவும் லாடம்போல மடங்கிக் கிடந்தது.

அக்கா அப்போது திருப்பத்தூரில் தங்கி வெல்டிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரீட்சை பொல்லாதது. இரண்டு இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்து ஒன்றாக்க வேண்டும். பிறகு ஒட்டிய இடத்திலேயே மெஷினில் வைத்து மடக்குவார்கள். விரிசல் விட்டால் சான்றிதழ் கிடையாது, கம்பெனி வேலையும் கிடையாது. முதல் தடவை அவளுடைய பட்டை வாய் பிளந்துவிட்டது. இந்த முறையும் போச்சு என்றால் பேசாமல் வந்து புளி தட்ட வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. லீவுக்கு வந்தபோதெல்லாம் ஊதுபத்தியைக் கொளுத்தி, தரையில் கிழித்த கோட்டின்மேல் படாமல், விலகாமல், மெல்ல நகர்த்திக்கொண்டே போவாள். கை நடுங்காமல் இருக்கப் பழகினாளாம். பெண்ணுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மா பூரித்துப் போனாள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

பரீட்சை விவரமெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? அக்கா வாசலில் உட்கார்ந்து அந்த இரும்பைப் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள். யாரோ அதை வளைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். புளியங்கொட்டை தட்டும் சுத்தியலைத் தூக்கிவந்து அதன்மேல் ஒரு போடு போட்டேன்.

"இன்னா பாப்பா பண்ற?"

"நிமித்தித் தரேன்க்கா. அழுவாத."

அவள் சிரித்துவிட்டாள். சுத்தியலைப் பிடுங்கிக்கொள்வாள் என்று பார்த்தால், "இன்னும் ஓங்கிப் போடு, ஒட்டுன எடத்துலயே போடு" என்றாள்.

சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்தார். "வூட்ட இடிக்கிறீங்களா இன்னா?"

அக்கா என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"நீயும் அடிச்சிப் பாருப்பா."

அப்பா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். போகப் போக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் இரும்பைக் கையில் எடுத்து, ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எப்பம்மா வேலைக்கு வரச் சொல்லிக்கிறாங்க?" என்றார்.

அக்காவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எனக்கோ அழுகை வந்துவிட்டது. அப்பா அவ்வளவு அடித்தும் அதை நிமிர்த்த முடியவில்லையே, இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று.