தலைவியின் பண்புகள்

அம்மாவின் காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, தண்ணீர் கேன், பெரிய அண்டா என்று திருப்பி அனுப்ப வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை.

கணவர் இறந்த பிறகு எங்களோடே இருக்கும் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்கம்மா பொறுமைசாலி பாப்பா. எந்தம்பி எப்பிடி இருந்தாலும் எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல."

பொறுமை, தியாகம், எதிர்த்துப் பேசாமை. இந்த விடையை நான் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

அப்போது பத்தாம் வகுப்பு. வேகும் ராகி மாவின் வாசனையில் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் துணைப்பாடக் கதையின் நோட்ஸைச் சத்தமாகப் படித்தேன். விட்டுப்போன கணவன் பல வருடம் கழித்து வருகிறான். மனைவி எதுவும் கேட்காமல் சோறு போடுகிறாள். தலைவியின் பண்புகளை எழுதுக.

அம்மாவின் கை நின்றது. "அவளுக்குப் போறதுக்கு வேற வூடு இருந்துச்சா பாப்பா?"

"கதையில இல்லம்மா."

"அப்ப அது எப்பிடிப் பொறுமையாவும்?"

கட்டிலில் கிடந்த அப்பா சிரித்தார். "பேசாம நீயே போயி பரிச்ச எழுதிட்டு வாயேன். புள்ள மார்க்கையும் கெடுத்துருவா."

அம்மா மறுபடி கிண்டத் தொடங்கினாள். நான் நோட்ஸில் இருந்தபடியே எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

"ஒருதடவ அம்மா பேசினாங்க, அத்தை," என்றேன்.

"அப்பிடியா? என்ன பேசினா?"

அம்மா கேட்ட இரண்டு கேள்விகளையும் அப்படியே சொன்னேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அப்பா சோறு கேட்டார். அத்தை எழுந்து போய் அவருக்கு இலை போட்டார்.