மருந்துக்கடையில் நான் கேட்க மறந்த கேள்வி

வாங்குகிறவரைவிட விற்கிறவனுக்கு நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்ளும் வியாபாரம், எனக்குத் தெரிந்து, மருந்துக்கடை ஒன்றுதான். டாக்டர் சீட்டோடு வந்தால் தப்பித்தோம்; ஏதாவது ஆனால் பாதிப் பழி அவருக்கு. சீட்டு இல்லாமல் வந்து, "நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று கை நீட்டுவார்கள் பாருங்கள், அப்போதுதான் முழுப் பழியும் நம் தலையில். கவுண்டருக்குப் பின்னால் நின்று என்னைப் போலவே கலங்கிய சகோதரர்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

விழுங்கிய பிறகு

நான் முதலில் வேலை பார்த்தது சிதம்பரம் கீழ வீதியில். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக, வேறென்ன சாப்பிட்டார் என்ற நாலு கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் நான் அலமாரியைத் திறப்பேன். ஒரு நாள் பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டார். கையில் சோடா. நான் இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் கவுண்டர் மேலிருந்த ஜாடியிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, சோடாவை ஊற்றிக்கொண்டுவிட்டார்.

"பாய், வயித்துப் புண்ணு ஏதாவது உண்டா?" என்றேன், பேச்சுக்கு. "மலேயாவுல இருக்கச்சே இருந்துச்சு. ரத்தமா வாந்தி எடுத்தேன்" என்றார், சினிமாக் கதை சொல்கிறவர் மாதிரி. அந்தப் புண்ணுக்கு இந்த மாத்திரை எமன். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்து ஓட்டலில் பால் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தலைவலி விட்டுவிட்டது. எழுந்து சட்டையை உதறிக்கொண்டு கேட்டார்: "ஏன் தம்பி இப்படிப் பாக்குறீங்க, நான் மவுத்தாயிடுவேன்னா?"

மூன்றாவது ஆள்

அதன்பின் கடலூரில் ஒரு கடைக்கு மாறினேன். ஊர் மாறியது, பயம் மாறவில்லை. புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வாந்திக்கு மாத்திரை கேட்டாள். முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்காமல் கொடுக்கப் பயம். லேடி டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று காலையில் மட்டும் அப்படித் திருப்பி அனுப்பிய மூன்றாவது ஆள் அவள். என்னோடு வேலை பார்த்த தண்டபாணி தராசைத் துடைத்தபடியே சொன்னார்: "ஏம்பா, இது மருந்துக்கடையா, இல்ல வர்ற கடுதாசிய எல்லாம் வேற விலாசத்துக்கு அனுப்புற தபாலாபீஸா?"

திருவந்திபுரம் ரோடு

அந்தக் கேலி உறைத்ததோ என்னவோ, மறு வாரம் கொஞ்சம் தைரியமாக இருந்து பார்த்தேன். திருவந்திபுரத்திலிருந்து கலியமூர்த்தி என்ற விவசாயி காலையிலேயே வந்தார். பத்து வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்று வலியாம். அண்ணாகிராமத்து உறவுக்காரர் வீட்டில் பலாச்சுளையை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். "இன்னிக்கு இன்னும் பச்சத்தண்ணி கூடப் படல சார், பேதிக்குக் குடுங்க" என்றார். நாலு கேள்விக்கும் பதில் சரியாக வந்தது. அஜீரணம்தான் என்று முடிவு கட்டி, விளக்கெண்ணெய் பாட்டிலைக் கொடுத்தனுப்பினேன்.

அரை மணி கழித்து அவர் மச்சான் தைலம் வாங்க வந்தார். "மாமா வந்துட்டுப் போனாரா? பாவம் சார் அந்தப் புள்ள. நேத்து தொப்புளாண்ட வலிச்சுது, இன்னிக்கு வலது பக்கம் அடிவயித்துல எறங்கிடுச்சு. கால நீட்டவே மாட்டேங்குது."

எனக்கு உயிரே போய்விட்டது. எங்கே வலிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அது குடல்வால். அதன் மேல் பேதி மருந்து போனால் உள்ளேயே வெடித்துவிடும். பிள்ளை வெறும் வயிற்றோடு காத்திருக்கிறாள். பாட்டில் இந்நேரம் வீடு சேர்ந்திருக்கும். மச்சானைப் பின்னால் உட்கார வைத்துச் சைக்கிளை மிதித்தேன். கெடிலம் ஆற்றங்கரை நெடுக, திருவந்திபுரம் பெருமாளே, இன்னும் கொடுத்திருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. செயின் ஒரு தடவை கழன்றது. அதை மாட்டி, கிரீஸ் கையோடேயே மறுபடி மிதித்தேன்.

பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். "குடுத்துட்டீங்களா?" என்று வாசலிலிருந்தே கத்தினேன். கலியமூர்த்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடுக்கத்தான் சார் இருந்தேன், சம்சாரம் காலண்டரப் பாத்துட்டுத் தடுத்துடுச்சு. அமாவாசையும் அதுவுமா யாராவது பேதிக்குச் சாப்புடுவாங்களா?"

கைராசி

வில்வண்டி கட்டி, அவளைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலமே ஆபரேஷன். பேதி மருந்து உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அது என் கடை மருந்து என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

மாதம் ஒன்று போன பிறகு, கலியமூர்த்தி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். இளைத்திருந்தாள், ஆனால் கண்ணாடி ஜாடியிலிருந்த பெப்பர்மிண்டைக் காட்டிக் கேட்கும் அளவுக்குத் தெம்பு வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. செய்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க கைராசியே ராசி சார், குடிக்காமயே கொணமாயிடுச்சு! அந்த பாட்டில அப்படியே பத்திரமா வெச்சிருக்கேன், அடுத்த தடவ யாருக்காவது வயித்து வலி வந்தா ஆவும்."

அந்தப் பாட்டிலைத் திரும்ப வாங்க அன்றைக்கும் நான் திருவந்திபுரத்துக்குச் சைக்கிளை மிதித்தேன் என்பதையும், பயமே இல்லாத மருந்துக்கடைக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் நான் பெப்பர்மிண்டுகூட வாங்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.