அவர் ஏன் பிரேக் பிடிக்கவில்லை

என் பக்கத்துக் கண்ணாடியில் படகின் பின்புறம் எட்டிப் பார்த்தது. பிறகு காணாமல் போனது. மறுபடியும் வந்தபோது முன்னைவிட அதிகமாக வெளியே தெரிந்தது. பிக்கப் வண்டியின் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த எனக்கு, பின்னால் கட்டியிருந்த ட்ரெய்லர் ஆடுகிறது என்பது கண்ணாடியைப் பார்த்துத்தான் புரிந்தது. அத்தானுக்கு அது அதற்கு முன்பே இடுப்பில் தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "ஏளா, கம்பியப் பிடிச்சுக்க, பேசாத."

அத்தான் என் அக்காவின் கணவர்; மைத்துனி என்னை எப்போதும் 'ஏளா' என்றுதான் கூப்பிடுவார். திரேஸ்புரத்தில் பிறந்து இளவயதில் கடலுக்குப் போனவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் கரைக்கு வந்து, ஒரு பிக்கப் வண்டியும் இரண்டு சக்கர ட்ரெய்லரும் வைத்துக்கொண்டார். தூத்துக்குடியில் பட்டறைகளில் செய்யப்படும் ஃபைபர் படகுகளை ஏற்றி, வடக்கே வேம்பார் வரைக்கும் தெற்கே உவரி வரைக்கும் கடற்கரை ஊர்களில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் தொழில். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் அவர் வண்டி போகிற பக்கம் எனக்கும் வேலை இருந்தால் கூடவே ஏறிக்கொள்வேன். அவரைப்போல் பயந்து வண்டி ஓட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. லாரிக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரனை அலறவிடுவார்கள். அவர் பாட்டுக்கு ஓரமாகப் போய்க்கொண்டிருப்பார். "இவரு வண்டிய ஆட்டுக்குட்டி முந்திட்டுப் போவும்" என்று அக்கா கேலி செய்வாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ட்ரெய்லரில் பாரம் சக்கரத்துக்கு முன்னால் கூடுதலாக இருக்க வேண்டும்; வண்டியோடு மாட்டுகிற கொக்கி கனத்தோடு கீழே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பாரம் பின்னால் போய்விட்டால் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆடத் தொடங்கியபின் செய்வதற்கு அதிகம் இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் முன்வண்டி தயங்கும், பின்னால் வருகிற பாரம் தயங்காது. அது முன்வண்டியைத் தள்ளி, மொத்தத்தையும் ரோட்டுக்குக் குறுக்கே திருப்பிப் போட்டுவிடும். அதனால்தான் படகின் வாலில் மாட்டுகிற என்ஜினைக் கழற்றி, பிக்கப்பின் தொட்டியில் படுக்க வைத்துக் கட்டாமல் அவர் கிளம்ப மாட்டார்.

அன்று மட்டும் கிளம்பினார். புதுப் படகு. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போக வேண்டும். சாயங்காலம் மாதா கோயில் சாமியார் வந்து படகை ஜெபித்து மந்திரிப்பதாக ஏற்பாடு. நாங்கள் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகுக்காரர் என்ஜினைப் பின்னால் மாட்டி, மாலையும் போட்டுவிட்டார். ஐஸ் பெட்டியும் வலைகளும் அதன் பக்கத்திலேயே கிடந்தன.

"அண்ணாச்சி, என்ஜினக் கழத்தணும்" என்றார் அத்தான்.

"மாட்டுன மெக்கானிக் போயிட்டானே. அவன் வந்து கழத்தி, அங்கன போயி மறுபடி மாட்டுததுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். ஊரே கோயில்ல காத்துக் கெடக்கு. நீரு மெதுவாத்தான போவீரு."

அத்தான் வலைகளையும் ஐஸ் பெட்டியையும் இழுத்து முன்னால் கட்டினார். கொக்கியைத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்; கனம் போதவில்லை. அவர் முகத்தில் திருப்தி இல்லை. படகுக்காரரின் மனைவி பிள்ளைகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். அத்தான் அவர்களைப் பார்த்தார், பிறகு கொக்கியை மாட்டினார்.

பழையகாயல் தாண்டும்வரை ஒன்றுமில்லை. உப்பளங்களின் மேலிருந்து வந்த காற்றில் ட்ரெய்லர் ஓரிரு முறை லேசாகச் சிலிர்த்து அடங்கியது. அத்தான் இறங்கிப்போய்க் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு வந்து, இன்னும் மெதுவாக ஓட்டினார். ஆத்தூருக்கு முன்னால் தாமிரபரணிப் பாலத்தில் ஏறி இறங்குகிற சரிவில் ஒரு பஸ் எங்களை உரசுவதுபோல் முந்திக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்று படகை முதலில் தள்ளி, பிறகு தன் பக்கம் இழுத்தது. அப்போதுதான் அந்த ஆட்டம் தொடங்கியது.

சரிவாக இருந்ததால் வேகம் குறைய மறுத்தது. முன்னால், ரோட்டின் இடது ஓரத்தில், பச்சை உடுத்திய கூட்டம் ஒன்று திருச்செந்தூருக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. அத்தான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் வலது கால் ஆக்சிலேட்டரைவிட்டு மேலே எழுந்து, எதையும் மிதிக்காமல் நின்றது. என் உடம்பு முழுவதும், 'மிதியுங்கள், மிதியுங்கள்' என்று கத்தியது. கம்பியைத்தான் இறுக்கிப் பிடித்தேன். கூட்டம் சிதறி வாழைத் தோட்டத்துக்குள் குதித்தது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். ஏறக்குறைய அடங்கிவிட்ட அந்த ஆட்டத்தின் கடைசி வீச்சில், காலில் கொப்புளத்தோடு பின்தங்கி நடந்து வந்த ஒரு பெண்மணியைப் படகின் பக்கவாட்டு விளிம்பு தட்டிவிட்டது. அவர் விழுந்தார். ட்ரெய்லர் சக்கரம் அவர் வலது காலில் ஏறியது.

வண்டி நேராக, அழகாக, ஓரமாகப் போய் நின்றது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வண்டி கவிழவில்லை, படகில் ஒரு கீறல் இல்லை, ரோட்டில் டயர் தேய்ந்த தடமும் இல்லை. ஓடிவந்தவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். "ஏலே, பிரேக்கப் பிடிக்கத் தெரியாதால ஒனக்கு?" என்று ஒருவர் அத்தானின் சட்டையைப் பிடித்தார். அத்தான் அவர் கையை விலக்காமலே அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் துண்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர்களிடம் விளக்க முயன்றேன். பிரேக் பிடிக்காததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று, ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிற ரோட்டில் நின்று யாரிடம் சொல்வது? பாதி வாக்கியத்திலேயே என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அதன்பிறகு எல்லோரும் அதையே கேட்டார்கள். ஸ்டேஷனில் கேட்டார்கள். கோர்ட்டில் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அந்த அம்மாவின் அண்ணன் அதைக் கேட்டே வாசலோடு விரட்டினார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அக்காவும் கேட்டாள். "எல்லாரும் சொல்லுதாங்க. ஒரு தடவ மிதிச்சுப் பாத்திருக்கலாமே?" அதுவரைக்கும் கையை அசைத்து அசைத்து விளக்கிக்கொண்டிருந்தவர் அன்றோடு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். படகை வேறொரு வண்டி இழுத்துக்கொண்டு போனது. மந்திரித்துக் கடலில் இறக்கினார்கள். அத்தான் ட்ரெய்லரை முதலில் விற்றார், பிறகு வண்டியையும். இப்போது மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார்.

போன மாதம் அந்த அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. அந்த டிரைவரை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு கிராமம். தனியாகப் போக அத்தானுக்குத் தைரியம் இல்லை. என்னை அழைத்துக்கொண்டு போனார். அந்த அம்மா பெட்டிக்கடை ஒன்று வைத்திருந்தார். நாற்காலியிலிருந்து எழாமலே எங்களை உட்காரச் சொல்லி, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். கோபமாகப் பேசவில்லை. மழை இல்லாததைப் பற்றிப் பேசினார், மகள் படிப்பைப் பற்றிப் பேசினார். பிறகு அத்தானைப் பார்த்துக் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு தெரியணும் தம்பி. ஏன் பிரேக்கு பிடிக்கல?"

இத்தனை வருடம் எவரும் முழுதாகக் கேட்காத விளக்கத்தைக் கேட்க ஒருவர் காத்திருந்தார். நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் கலர் பாட்டிலைத் தரையில் வைத்தார்.

"பிடிச்சிருக்கணும்மா" என்றார். "தப்புதான்."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது. "இத ஒரு வார்த்த யாராவது சொல்லணும்னுதான் இருந்தேன். போதும்ப்பா" என்றார்.

பஸ்ஸுக்காக வேப்பமரத்தடியில் நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் அத்தான் பொய் சொன்னீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மிதிச்சிருந்தா ட்ரெய்லர் அந்தக் கூட்டத்து மேலயே போயிருக்கும். அத அவங்கட்ட எப்படிளா சொல்லுதது? அத்தன பேருக்குப் பதிலா என் காலாப்பான்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்?" பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அதுவும் போவ, பட்டறையில கொக்கியத் தூக்கிப் பாத்தவன் நாந்தான. அன்னைக்கு வண்டிய எடுக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அந்தப் பிள்ளைக புதுத்துணியோட நின்னுச்சுங்க. சொல்ல வரல."

பஸ் வந்தது. முன்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. அத்தான் பின்படியில் ஏறி, ரோடு கண்ணில் படாத கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.