ஜன்னலுக்காக ஓடிய கார்

மலேசியாவின் ஈப்போ நகரை ஒட்டிய சிலிபினில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் இருந்தன. ஜன்னல் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். அது மேற்குப் பார்த்தது. மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை அதன் வழியே வந்த வெளிச்சம், அறையின் நடுவே தொங்கிய மஞ்சள் பல்பின் வெளிச்சத்தைவிடப் பன்மடங்கு மேலானது. திருமணமான முதல் ஆண்டில் எனக்கும் என் மனைவிக்கும் இடையே எழுந்த ஒரே பெரிய வழக்கு இந்த ஜன்னலைப் பற்றியதே ஆகும். எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்த அந்த வழக்கையும் அதன் முடிவையும், நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைப்பது நலம் என்று கருதுகிறேன்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போ நகரில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். பகலில் பெரிய கார்கள், மாலையில் சிறிய கார்கள். பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் மாடல் கார்களை ஒட்டிச் சேர்ப்பதே என் பொழுதுபோக்கு. அவற்றுள்ளும் ஹாட் ராட் எனப்படும் வகையின்மீது எனக்குத் தீராத மோகம். அமெரிக்க இளைஞர்கள் தங்கள் தாத்தா காலத்துக் காரை எடுத்து, கூரையை வெட்டித் தாழ்த்தி, இஞ்சினின் பக்கத் தகடுகளைக் கழற்றி எறிந்து, முன்மூடியிலிருந்து கதவுவரை தீ எரிவதுபோலச் சாயம் தீட்டி ஓட்டுவார்கள். அந்தக் கோலத்தை உள்ளங்கை அளவில் கொண்டுவருவதே என் முயற்சி.

பெட்டியில் இருப்பதை இருக்கிறபடியே ஒட்டுவதில் எனக்கு மனநிறைவு கிடைத்ததில்லை. பழைய டெலிபோன் கம்பிக்குள்ளிருந்து உருவிய செப்பு இழையால் இஞ்சினுக்கு வயர் போடுவேன். பற்றவைக்கும் ஈயக் கம்பியை வளைத்துப் புகைக்குழாய் செய்வேன். இவ்வளவு அறிந்தவன் என்ற கர்வத்தில், என் முதல் காருக்குப் பட்டறைச் சாயத்தையே தின்னர் கலந்து தாராளமாக அடித்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கூரை, வெயிலில் வைத்த வெண்ணெய்போலக் குழைந்து இறங்கியது. இரும்புக்கு அடிப்பதைப் பிளாஸ்டிக்குக்கு அடிக்கக் கூடாது என்ற பாடத்தை, தொழில்முறைச் சாயக்காரனாகிய நானே அவ்வாறு கற்றேன்.

இனி என் மனைவியின் பக்கம். அவள் ஆயர் தாவாருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். திருமணம் ஆகும்வரை பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். ஈப்போவுக்கு வந்தபின் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். தாய்வீட்டிலிருந்து வந்த கால்மிதித் தையல் மெஷின், சமையற்கட்டில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருட்டில் நின்றது. ஜன்னலோரத்திலோ என் மேசை நின்றது.

"கறுப்புத் துணியில கறுப்பு நூலப் போட்டுட்டு எது துணி எது தையல்னு தடவித் தடவிப் பாக்குறேன். உங்க காருக்கு என்னங்க அவ்வளோ வெளிச்சம்? அது ஓடுமா?"

"சக்கரம் சுத்தும். தானா ஓடாது."

"ஓடாத காருக்கு ஜன்னல். சம்பாதிக்கிற மெஷினுக்கு அடுப்படி. நல்லா இருக்குலா நியாயம்!"

அந்த நேரத்தில்தான் நகரத்தில் நான் பெட்டிகள் வாங்கும் விளையாட்டுச் சாமான் கடையின் முதலாளியான தௌக்கே ஒரு போட்டியை அறிவித்தார். மாடல் கார் செய்வோர் தத்தம் காரைக் கொண்டுவர வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கும் மூன்று கார்கள் மட்டும் ஒரு மாதகாலம் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வீற்றிருக்கும். நான் உடனே ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தேன். கண்ணாடிக்குள் இடம் கிடைத்தால் ஜன்னல் எனக்கு. கிடைக்காவிட்டால் அன்றைக்கே மெஷின் ஜன்னலுக்கு வரும்; என் மேசை அடுப்படிக்குப் போகும். என் மனைவி சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்திருந்த அவளுடைய தம்பி சாட்சி. அவன் அதே தோட்டத்தில் இன்னமும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"யோசிச்சுப் பேசுங்க மச்சான். அடுப்படியில உக்காந்து கார் செஞ்சா கொழம்பு வாசம்தான் வரும்" என்றான்.

அன்று முதல் நான் முழுமூச்சாக இறங்கினேன். கூரையைத் தாங்கும் தூண்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்துக் குறைத்து, கூரையைத் தாழ்த்தி ஒட்டி, இடைவெளியைப் பட்டியால் அடைத்துத் தேய்த்தேன். பிளாஸ்டிக்குக்கு உரிய கறுப்புச் சாயத்தைப் பனிபோல மெல்லியதாக, நாள்விட்டு நாள், பல பூச்சுகளாக அடித்தேன். முகம் பார்த்துத் தலைவாரலாம் என்னும்படி மின்னியது. எஞ்சியது தீச்சுடர் மட்டுமே.

அதுவோ என் கைக்கு அடங்கவில்லை. சுடருக்கு வெளியே உள்ள கறுப்பை மறைத்துவிட்டு, சுடரின் உட்புறத்தில் மட்டும் மஞ்சள் அடிக்க வேண்டும். பட்டறையில் இதற்குக் காகித டேப் ஒட்டுவோம். பெரிய காரில் அது படியும். விரல்நகம் அளவுள்ள வளைவில் படியவில்லை. முன்பு பாழாகிப்போன காரின் முன்மூடியில் ஒத்திகை பார்த்தேன். டேப்பை உரித்தபோது மஞ்சள் ஓரமெங்கும் கசிந்து கிடந்தது.

என் மனைவி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தீ மாதிரி இல்லீங்க. எலி கடிச்ச ரொட்டி மாதிரி இருக்கு."

அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஜன்னல் அநேகமாக அவள் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் அவள் மூடியைக் கீழே வைக்கவில்லை. கசிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்:

"பாலைப் பூசி உரிச்சா என்ன?"

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். பால்மரம் வெட்டுகிறவர்களின் கையிலும் பாவாடையிலும் ரப்பர்ப் பால் தெறித்துக் காயும். காய்ந்தபின் மெல்லிய தோலாக உரிந்து வரும். எந்த வளைவிலும் படியும். ஒரு சொட்டு நீரும் உள்ளே புகாது. காரின்மேல் பாலைப் பூசிக் காயவிட்டு, சுடரின் வடிவத்தை மட்டும் வெட்டி உரித்தால், அந்த இடத்தில் மட்டும் சாயம் ஏறும்.

மறு ஞாயிறு அவளுடைய தம்பி ஒரு பாட்டில் பாலுடன் வந்து சேர்ந்தான். வழியில் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருந்தான். பாட்டிலைத் திறந்ததும் எங்கள் மூவர் கண்களிலும் நீர் வந்தது.

"பஸ்ல மூடி கொஞ்சம் லூசாயிடுச்சு மச்சான். கண்டக்டர் வந்து, 'என்ன தம்பி, பாட்டில்ல பூனை மூத்திரமா'ங்கிறாரு. எங்க மச்சான் காருக்குப் பூசுற சாமான்னேன். 'அந்தக் கார்ல நான் ஏற மாட்டேன்'ட்டாரு!"

பாலைப் பூசினோம். பிற்பகலுக்குள் அது காய்ந்து தேன்நிறத் தோலாயிற்று. அதன்மேல் பேனாவால் சுடரை வரைந்தேன். பிறகு சவரக் கத்தியின் பாதித் துண்டைக் கையில் எடுத்தேன். இங்கேதான் ஆபத்து. பால் தோலை மட்டும் வெட்ட வேண்டும். ஒரு மயிரளவு ஆழம் கூடினாலும் கறுப்புச் சாயத்தில் கீறல் விழுந்துவிடும். அடுத்த ஞாயிறு போட்டி. மறுபடி சாயம் அடித்து உலர்த்த நாள் இல்லை.

முதல் கோட்டைப் பழைய மூடியில் வெட்டிப் பார்த்தேன். தோலும் போயிற்று, சாயமும் போயிற்று.

"குடுங்க இப்படி" என்றாள் என் மனைவி. "நீங்க தோட்டத்துல இப்படி வெட்டுனா வேலை வாங்குற தண்டல் உங்கள மரத்துக்கிட்டயே விடமாட்டாரு."

"அக்கா, ஒனக்கு ஜன்னல் வேணாமா?" என்று தம்பி கேட்டான்.

"வேணும்தான். அதுக்காக ஒருத்தர் இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டுறதப் பாத்துக்கிட்டு உக்கார முடியுமா?"

காரைக் காலிக் கெட்டிப்பால் டின் ஒன்றின்மேல் பொருத்தி மேசையின் நடுவே வைக்கச் சொன்னாள். நாற்காலியைத் தள்ளிவிட்டாள். கத்தித் துண்டை இரு விரல்களால் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய மணிக்கட்டு அசையவே இல்லை. அவளே மேசையைச் சுற்றி மெல்ல மெல்ல நடந்தாள். பால்மரத்தில் பட்டையை வெட்ட வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் மரம் புண்ணாகும். பதினான்கு வயதிலிருந்து நாள்தோறும் சில நூறு மரங்களில் அதையே செய்த கை அது. கத்தி சென்ற வழியே தோல் இரண்டாகப் பிரிந்தது. அடியில் கறுப்பு மின்னியது. கீறல் ஒன்றுகூட இல்லை.

"கை போவக் கூடாதுங்க. ஆளு போவணும்" என்றாள், மூச்சை விடாமலே.

நான் வரைந்த சுடர்களில் இரண்டை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "இது தீயில்ல, வெண்டைக்காய்" என்று சொல்லித் தன் விருப்பப்படி வளைத்து வெட்டினாள். அவளுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் பட்டறையில், மதிய இடைவேளையில், சுடர்களுக்குள் தோலை உரித்தெடுத்த இடத்தில் மஞ்சளையும் அதன் நுனிகளில் சிவப்பையும் அடித்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஜன்னலோரத்தில் இருவரும் அமர்ந்து மிச்சத் தோலை உரித்தோம். தோலோடு கறுப்பும் பெயர்ந்து வருமோ என்று பயந்து, முதல் இழுப்பை அவளிடமே விட்டேன். ஓர் ஓரத்தை அவள் நகத்தால் கிளப்பி இழுத்தாள். முழுத் தோலும் ஒரே வீச்சில் உரிந்து வந்தது. கறுப்புக் காரின்மேல் தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் ஓரம் அவ்வளவு துல்லியமாக இருந்ததைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஜன்னல் வழக்கில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிறோம் என்பது அப்போது இருவருக்கும் நினைவில் இல்லை.

ஞாயிறன்று மூவருமாகப் பஸ் ஏறிக் கடைக்குப் போனோம். கடைக்குள் கூட்டமாக இருந்ததால் என் மனைவியும் அவள் தம்பியும் வாசற்கதவருகே நின்றார்கள். வயது முதிர்ந்த சீனரான தௌக்கே, பூதக்கண்ணாடியுடன் ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் காரைக் கையில் எடுத்தார். கூரைத் தூண்களின்மேல் கண்ணாடியை நிறுத்தினார்.

"சினி திங்கி, சானா ரெண்டா" என்று மலாயில் சொல்லித் தலையசைத்தார். ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தாழ்வு என்று பொருள். இடப்பக்கத் தூணை நான் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டது உண்மைதான். அடுப்படியில் என் மேசை கிடக்கும் காட்சி என் கண்முன் வந்தது.

பிறகு பூதக்கண்ணாடி தீச்சுடரின் ஓரத்தைப் பிடித்து, முன்மூடியிலிருந்து கதவுவரை மெதுவாக ஊர்ந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சியாப்பா போத்தோங் இனி?" என்று கேட்டார். இதை வெட்டியது யார் என்றார்.

"நான்" என்று சொல்லியிருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஜன்னல் வாதமின்றி எனக்கே கிடைத்திருக்கும். அந்த ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்ததையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல இயலவில்லை.

"பினி சாயா", என் மனைவி என்று சொல்லி, அவள் நின்ற வாசலைக் கைகாட்டினேன்.

தௌக்கே பூதக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு தாமே எழுந்து போய், என் காரை முகப்புக் கண்ணாடிக்குள் நடுவிடத்தில் வைத்தார்.

பஸ்ஸில் வழக்கு மீண்டும் தொடங்கியது.

"கண்ணாடிக்குள்ள போயிடுச்சு. பேச்சு பேச்சுதான். ஜன்னல் எனக்கு" என்றேன்.

"எதுக்காகப் போச்சு? உங்க கூரைக்காகவா?"

"கார் என்னுடையது."

"தீ என்னுது. கோணக் கூரைய வெச்சுக்கிட்டு நீங்க மட்டும் போயிருந்தா தௌக்கே வாசலோட அனுப்பியிருப்பாரு. நீயே சொல்லுடா தம்பி."

சாட்சியாக வந்தவன் நீதிபதியானான். இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிப்பதுபோல நடித்தான்.

"மச்சான், கார் ஜெயிச்சிடுச்சு. ஆனா நீங்க தோத்துட்டீங்க" என்றான். "அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுலா. உண்மையச் சொன்னது நீங்கதானே?"

பின் இருக்கையில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அன்று மாலையே நானும் அவனும் சேர்ந்து தையல் மெஷினைத் தூக்கிவந்து ஜன்னலோரத்தில் நிறுத்தினோம். என் மேசையை அடுப்படிக்கு அனுப்ப என் மனைவி ஒப்பவில்லை. மெஷினின் பக்கத்திலேயே ஒட்டிப் போடச் சொன்னாள். அவள் தோளைத் தாண்டி வரும் வெளிச்சம் என் வேலைக்குப் போதுமானதாக இருந்தது. என் அடுத்த காரின் இருக்கைகளுக்கு அவளிடமிருந்து சிவப்பு வெல்வெட் துண்டு கிடைத்தது. மெத்தைக்கோடுகளையும் அவளே தைத்துத் தந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்குள்ளிருந்து கார் வீடு திரும்பியது. அதை எங்கே வைப்பது என்று நான் இடம் தேடிக்கொண்டிருக்கையில், அவள் அதை வாங்கி மெஷின் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பாதி தைத்த ரவிக்கையை எடுத்து மிதிக்கத் தொடங்கினாள். பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வில் கார் மெல்ல அசைந்து, தீச்சுடரோடு அரை அங்குலம் முன்னே நகர்ந்தது.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடாதுன்னீங்களே" என்றாள்.

விளிம்புவரை வந்துவிட்ட காரை ஒரு விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் மிதித்தாள்.