புள்ளி விட்டுப்போன மருந்தளவு

திருப்பதியில் உட்கார்ந்து, அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை டைப் அடிப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது. பிறகு மென்பொருளே அடித்தது. நாங்கள் பிழை திருத்தினோம். திருத்தத் திருத்த அது கற்றுக்கொண்டது. முழுக்கக் கற்றுவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில், பிழைகளைக் கண்டும் விட்டுவிடுவதென்று பேசிவைத்தோம்.

ஒருநாள் அது மருந்தளவில் தசமப் புள்ளியை விட்டிருந்தது. என் விரல் எழவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த, நகரி ஊர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, பாத்துக்கினே குந்தினுகிறே? பத்து மடங்கு மருந்து போவும்.”

“புள்ளி வெச்சா அது கத்துக்குமே. அப்புறம் நாம ஊட்டுக்குத்தான்.”

“கத்துக்கட்டும். அங்க படுத்துக்கினு இருக்கறது யாரோட நைனாவோ.”

வைத்தேன்.

அடுத்த வாரம் அதே மருந்து வந்தது. புள்ளி தானாகவே விழுந்திருந்தது.

“கத்துக்கிச்சுக்கா,” என்றாள், கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு.