தண்ணீரில் விழுந்த ஸ்வீடன் அக்கா

பேல் என்கிற பெரிய பேப்பர்க் கட்டைச் சுற்றிய கம்பியை வெட்டியதும் ஒரு வாசனை வரும். நனைந்த காகிதமும் புளித்த பாலும் கலந்தது... அதற்குள் எங்கேயோ கொஞ்சம் சென்ட்டும் இருக்கும். கப்பலில் அடைந்து கிடந்து வந்த வெளிநாட்டுப் பழைய பேப்பர். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை பிரவுசிங் சென்டரில் டைப் அடித்து நம் குரூப்பில் போடுவேன். படிக்கிறவர்கள் யாரும் எங்கள் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நான் ஆறாவது முடித்த லீவு. எண்ணூர் போகும் ரோட்டில், டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு கோடவுன். அம்மா அங்கே பேப்பர் பிரித்துப் போடும் வேலை பார்த்தாள். வழவழ பேப்பர் ஒரு பக்கம், நியூஸ் பேப்பர் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். அப்பா ஹார்பருக்கு லோடு வேலைக்குப் போய்விடுவார். என்னைத் தனியாக வீட்டில் விடப் பயந்து அம்மா கூடவே அழைத்துப் போவாள். புத்தகங்களில் இருக்கும் பின்னைப் பிடுங்குவது என் வேலை.

அப்படித்தான் ஒரு புத்தகத்தில் அந்த அக்காவின் படத்தைப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி, வெயிலில் சிவந்த கை, தோளுக்கு மேல் தூக்கிய மெல்லிய கோல். சுற்றிலும் புல். இவ்வளவு பச்சையாகத் தரை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. படத்துக்குக் கீழே, எழுத்துக்கு மேலே புள்ளி வைத்த ஏதோ ஒரு மொழி. இன்னொரு நாள் கிடைத்த இங்கிலீஷ் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான், ஸ்வீடன் என்றும் கோல்ஃப் என்றும் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் ரோசி அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி அது, ஹாக்கியா?"

"கோல்ஃப்க்கா. பந்த அட்ச்சி குயிக்குள்ள போடணும்."

"ஒரு குயிக்கு இம்மாம் எடமா? நம்ம குப்பமே அதுல குந்திக்கலாம் போலக்கீதே."

கோடவுனில் ஒரு சட்டம் உண்டு. துண்டுப் பேப்பர் கூட வெளியே போகக் கூடாது. சாயந்திரம் கேட்டில் வாட்ச்மேன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பான். அதனால் ரோசி அக்கா எனக்காக அந்தப் படங்களை ஒரு கோணிக்குப் பின்னால் சேர்த்து வைத்தாள்.

பேல்கள் வருஷ வரிசைப்படி வராது. இன்று அவள் பெரிய பெண், நாளை பல்லுக்குக் கம்பி போட்ட சின்னப் பெண். முகத்தைப் பார்த்து நானே தரையில் வரிசையாக அடுக்குவேன். கோப்பை இல்லாத படங்கள்தான் அதிகம். மழையில் தலை குனிந்து நிற்கிற படம் ஒன்று. அதைத்தான் ரொம்ப நேரம் பார்ப்பேன்...

லீவு முடியும் வாரம் அந்தப் படம் வந்தது. உடுப்போடு தண்ணீருக்குள் இருக்கிறாள். கழுத்துவரை தண்ணீர். வாய் திறந்திருக்கிறது. இரண்டு கையும் மேலே. கரையில் கூட்டம்.

ரோசி அக்காவின் புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"தண்ணில வியுந்துட்டா. கையப் பாரு... சுத்தி நின்னுகினு போட்டா புடிக்கிறானுங்க. ஒருத்தனும் எறங்கல."

வரிசையாக உட்கார்ந்து பேப்பர் பிரித்த யாருக்கும் அவள் மூழ்கிவிட்டாள் என்பதில் சந்தேகம் வரவில்லை. ஜெயித்தவர்கள் சந்தோஷத்தில் குளத்தில் குதிக்கிற வழக்கம் ஒரு போட்டியில் உண்டு என்று சில வருஷம் கழித்து நெட்டில் படித்தேன். எங்களுக்கு எப்படித் தெரியும்? துணியோடு தண்ணீரில் இருப்பவர்களை எங்கள் பக்கத்தில் வேறு மாதிரித்தான் பார்த்திருக்கிறோம்.

ஸ்கூல் திறந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் சாயந்திரம் கேட்பேன்.

"அந்தக்கா படம் எதுனா வந்துச்சாமா?"

"வர்ல. நீ மொதல்ல துன்னு."

ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருந்தாள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அப்பா எதிரே நின்றிருந்தார்.

"பேப்பரு திருடிகினு வந்தன்னு வெளிய தள்ளிட்டாங்களாமே. இன்னாத்துக்கு எடுத்த?"

"அடுப்பு பத்த வெக்க."

"வயவய பேப்பரு எங்கடி எரியும்?"

அடித்தார். அம்மா வேறு எதுவும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எனக்காக எடுத்ததாக அவள் சொல்லியிருந்தால் அன்றோடு என் படிப்பு நின்றிருக்கும். நான் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் குழாயடியில் ரோசி அக்கா சொன்னாள்.

"புது பேல்ல இருந்திச்சிடி. அதே பொம்பள. கண்ணாண்ட சுருக்கம் வியுந்து சிரிச்சிகினு நிக்குறா. செத்தவளுக்கு சுருக்கம் வியுமா? இத்த பாத்தா எம்பொண்ணு துன்னுவான்னு சொல்லி ஒங்கம்மா டிபன் பாக்ஸு மூடில மட்ச்சி வெச்சா."

அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு வேறு எந்தக் கோடவுனிலும் அம்மாவைச் சேர்க்கவில்லை. இறால் உரிக்கப் போகிறாள். நாள் முழுக்க ஐஸில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது.

இப்போது நான் ப்ளஸ் டூ. பிரவுசிங் சென்டரில் பெயரைத் தட்டினால் அந்த அக்காவின் படங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது ஒரு படத்தை ஒரு வாரம் பார்த்த மாதிரி, இப்போது எதையும் பார்க்க முடியவில்லை...

போன வாரம் ஸ்கூல் லைப்ரரி பேப்பரில் ஒரு மூலையில் செய்தி. அவள் ஆடுவதை நிறுத்திக்கொண்டாள். கடைசி ஆட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

அன்று அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடம் மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அந்த ஸ்வீடன் அக்கா ஆட்டத்த நிறுத்திட்டாங்கமா."

அம்மா விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன், கைல எதுனா ஆயிடுச்சா?"

"இல்லமா. போதும்னு தோணிச்சாம்."

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே கேட்டாள்.

"போதும்னு சொன்னா... வுட்டுட்றாங்களா அங்க?"