மட்டாஞ்சேரிக்குக் கொசுத்தேனீ பார்க்கப் போனேன்

கோவையில் என் மொட்டைமாடியில் பாகற்கொடி பூத்துப் பூத்து உதிர்ந்ததே தவிர, ஒரு காய் பிடிக்கவில்லை. தேனீ எட்டிப் பார்க்காத தோட்டத்தில் உரத்தைக் கொட்டி என்ன பயன்? அந்த எரிச்சலில்தான், செடி வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் பழக்கமான லலிதாக்காவுக்குப் போன் செய்தேன். மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டின் பின்பக்கம் தும்பையும் துளசியும் மூக்குத்திப்பூவும் தானாக முளைத்துக் கிடக்கும் என்றும், மதில் பொந்தில் கொசுத்தேனீக் கூடு இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். கொசுத்தேனீ கொட்டாது, எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரியது. என் மாடிக்கு எது சரிப்படும் என்று நேரில் பார்த்துவிட நினைத்தேன்.

"வாயேன், இங்க ரெண்டு நாள் தங்கிட்டுப் போலாம்" என்றார். மார்ச் முதல் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன். போனை வைக்கும் முன் நான் விட்ட வார்த்தை இது: "பிளாக்ல போடப் போறேன் அக்கா, நல்லா நாலு போட்டோ எடுக்கணும்." என்ன நிறத்தில் புடவை கட்டட்டும் என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

காலை ரயிலில் ஆலுவா போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆனது. எர்ணாகுளம் வரை அதே ரயிலில் போகலாம். எனக்கு மெட்ரோ ஆசை. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஐம்பது ரூபாய்ச் சீட்டில் ஜன்னலோர இடம் கிடைத்தது, இடப்பள்ளியில் மால் கூட்டம் ஏறும்வரை நிம்மதி. எம்.ஜி. ரோட்டில் இறங்கி படகுத்துறைக்குப் போய், ஃபோர்ட் கொச்சிக்குப் படகு பிடித்தேன். இருபது நிமிடம் காற்று வாங்கிக்கொண்டே போகலாம், டிக்கெட் ஒரு சாயாவின் விலைகூட இல்லை. அங்கிருந்து மட்டாஞ்சேரி இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

ஆட்டோக்காரர் பக்கத்துப் பள்ளுருத்திக்காரர். தேனீ பார்க்க ஒருத்தி கோவையிலிருந்து வருகிறாளா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. "எங்க வீட்டு மீட்டர் பெட்டியில உண்டு சேச்சி, செறுதேனீச்ச, நீங்க சொல்ற கொசுத்தேனீ. ரீடிங் எடுக்க வர்ற ஆளை பெட்டி தொறக்க நாங்க சம்மதிக்கில்லா. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டே" என்றார். அப்படிப்பட்ட ஊர் இது என்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

லலிதாக்கா வாசலிலேயே நின்றிருந்தார், மயில்கழுத்து நிறப் புடவையில். "வா கவிதா, வா. எல்லாம் வ்ருத்தியாக்கி, சுத்தமா வெச்சிருக்கேன், கேட்டியா!" என்று கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

தரை பெருக்கி மெழுகியதுபோல் இருந்தது. ஒரு தும்பை இல்லை, ஒரு சருகு இல்லை. செங்காவி பூசிய தொட்டிகளில் நர்சரி ரோஜா, வரிசையாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. அதற்குப் பின்னால் மதில், புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்று.

"நாலு பேர் பார்க்கற இடம், காடு மாதிரி கிடந்தா என்ன நினைப்பா? களையெல்லாம் நானே பிடுங்கினேன். நேத்தைக்கு மேஸ்திரி வந்து சுவரைப் பூசிட்டான்."

"அக்கா, கூடு எங்கே இருக்கு?" என்றேன்.

அவர் சிரித்தபடியே கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மதிலில் பெயின்ட் தெறித்த புள்ளிகள் என்று நான் நினைத்தவை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. முந்தின நாள் பூவுக்குப் போயிருந்த தேனீக்கள் வாசலைக் காணாமல் அங்கேயே ஒட்டிக்கிடந்தன. விரிசல்களோடு சேர்த்துப் பொந்தையும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார் மேஸ்திரி.

"அய்யோ பகவானே, விரிசலை மாத்திரம் அடைன்னுதானே சொன்னேன்! பொந்தைக் காட்டிக் குடுக்கத் தோணலையே எனக்கு!" புடவை சுண்ணாம்பில் புரள அவர் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே ஓடி ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். மாற்றி மாற்றிச் சுரண்டினோம். நல்லவேளை, சிமென்ட் முழுக்க இறுகவில்லை. விரல் நுழையும் அளவுக்குத் திறந்ததும் புளித்த தேன் வாசனை வந்தது. வெளியே இருந்தவை முட்டி மோதி உள்ளே போயின. வெகுநேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, செத்துப்போன இன்னொன்றை இழுத்துக்கொண்டு. அதன் பின்னால் இன்னொன்று, அதுவும் அப்படியே.

மத்தியானம் இலை போட்டார். எரிசேரி, ஓலன், பாயசம். முதல் நாளிலிருந்தே எனக்காக அரைத்து வைத்த சமையல். பரிமாறிக்கொண்டே சட்டென்று நிறுத்தினார். "வாசலைத் தொறந்தாச்சு. ஆனா அதுகளுக்குத் தின்ன என்ன இருக்கு? எல்லாத்தையும் என் கையாலதானே பிடுங்கிப் போட்டேன்." கண் கலங்கியிருந்தது. நான் பாயசத்தை ஒதுக்கி வைத்தேன். பிடுங்கியது அவர் கை. பிடுங்க வைத்தது என் கேமரா. இதை அவரிடம் சொன்னேன். "சும்மா இரு, சாப்பிடு" என்றார்.

இரண்டு நாள் தங்க வந்தவள் அன்று மாலையே கிளம்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தபோது, பொந்தில் எறும்புதான் போய் வருகிறது என்றார். ரோஜாத் தொட்டிகளை யாருக்கோ கொடுத்துவிட்டாராம், இனி பின்பக்கத்தைப் பெருக்குவதில்லையாம். தும்பை ஒன்றிரண்டு தலை காட்டியிருக்கிறது. அதன் பாட்டுக்கு விட்டிருந்தால் இருந்திருக்கும் கூடு, திரும்ப வருமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தோட்டம் போடுகிறவர்களுக்கு: ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள், தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள், சுவர் பூசுகிறவர் வந்தால் பொந்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். தோட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேமரா கொண்டுவருவதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். லலிதாக்கா கடைசியாகச் சொன்னதும் அதுதான். "இனி வந்தா சொல்லிட்டு வராதே கவிதா. நான் எப்படி இருக்கேனோ அப்படியே வந்து பாரு."

கூடு இருந்த இடத்தை எடுத்துக்கொள் என்று அன்று அவரே வற்புறுத்தியதால் ஒரு படம் எடுத்தேன். இந்தப் பதிவில் இருப்பது அது ஒன்றுதான். சுவர் மிக அழகாக இருக்கிறது.